தனித்தனி வயர்

ஒரு கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் நாங்கள் எல்லோரும் பழுது எங்கே என்றுதான் தேடுவோம். அந்தப் பெண் தேடமாட்டார். முதலில் பவர் சப்ளைப் பெட்டியிலிருந்து புறப்படும் வயர்களை எண்ணுவார். ஒவ்வொரு வயராக விரலால் தொட்டு, அது எங்கே போய் முடிகிறது, போகிற வழியில் எத்தனை சாமான்களுக்குக் கரண்ட் கொடுக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவார். எண்ணி முடிக்கும்வரை யார் என்ன கேட்டாலும் பதில் வராது. கடை முதலாளியான என் அப்பா கூப்பிட்டால்கூட வராது.

பதுளையில், பஸ் நிலையத்திலிருந்து நடந்து வருகிற தூரத்தில் எங்கள் கடை. கீழே துணிக்கடை. மாடியில் கணினி விற்பதும், பாகங்களைச் சேர்த்துப் பூட்டிக் கொடுப்பதும், பழுது பார்ப்பதும். நான் கொழும்பில் இரண்டு வருடம் கணினி படித்துவிட்டு வந்து மாடிக்குப் பொறுப்பாக உட்கார்ந்தபோது, அவர் அங்கே வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. தெமோதரைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து காலை பஸ்ஸில் வருவார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். ஆனாலும் நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். அவர் என்னை ‘மிஸ்’ என்றார். அதில் ஏதும் தவறு இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவேயில்லை.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயர் ஒருமுறை என்னால் கெட்டது போதும்.

நான் போன முதல் வாரத்திலேயே எங்களுக்குள் ஒரு சின்ன உரசல் வந்தது. ஒரு மெஷினில் இரண்டு ஹார்ட் டிஸ்க்கையும் டிவிடி டிரைவையும் நான் ஒரே வயரில் வரிசையாக மாட்டிவிட்டேன். அந்த வயரில் மூன்று தலை இருந்தது, மூன்று சாமான் இருந்தது, மாட்டினேன். அவர் வந்து பார்த்தார். நடுவிலிருந்த பிளக்கை மெதுவாகக் கழற்றி, சும்மா சுருட்டிக் கட்டியிருந்த இன்னொரு வயரை அவிழ்த்து அதில் மாட்டினார். எனக்குச் சுருக்கென்றது. ஒரு டிஸ்க் எத்தனை வாட் இழுக்கும், வயர் எத்தனை வாட் தாங்கும் என்று கொழும்பில் படித்ததையெல்லாம் சொன்னேன். கணக்குப்படி தாங்கும் என்றேன்.

“கணக்கு தாங்கும் மிஸ்,” என்றார். “பிளக் தாங்கணுமே.”

குரலில் எதிர்த்துப் பேசுகிற சாயல் கொஞ்சமும் இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த மெஷினுக்குப் போய்விட்டார்.

அவர் பூட்டிய எந்தக் கணினியையும் திறந்த உடனே அடையாளம் கண்டுவிடலாம். வயர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்காது. தாய்ப் பலகைக்குப் போவது பின்பக்கமாக வளைந்து போகும். காற்றாடிகளின் வயர் அவற்றோடு சேராமல் ஓரமாகப் போகும். டிஸ்க்குகளின் வயர்கள் தனித்தனியாக இறங்கும். தகட்டின் உள்பக்கத்தில் ஒரு சின்ன அட்டை ஒட்டியிருப்பார். முதல் வயர் எதற்கு, இரண்டாவது வயர் எதற்கு என்று அதில் உருண்டை உருண்டையான எழுத்தில் எழுதி, கீழே தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டிருப்பார். யார் இதைப் படிக்கப்போகிறார்கள் என்று ஒருநாள் கேட்டேன். பழுது பார்க்கத் திறக்கிறவர் படிப்பார், அவருக்கு வேலை லேசாகும் என்றார்.

நகரத்தில் கலியாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரர் ஒருவர் எங்களுடைய பெரிய வாடிக்கையாளர். அவருடைய மெஷினுக்கு ஒரு பெரிய கிராபிக்ஸ் கார்ட் போட வேண்டியிருந்தது. அந்தக் கார்டில் கரண்ட் வாங்க இரண்டு வாய். பவர் சப்ளையோடு வந்த ஒரு வயரிலேயே இரண்டு தலை இருந்தது. எல்லோரும் அந்த ஒரே வயரை இரண்டு வாயிலும் மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பெண் இரண்டு வயர் எடுத்தார். ஒவ்வொரு வயரிலும் ஒரு தலையை மட்டும் மாட்டி, மிச்சத் தலைகளை மடித்துக் கட்டினார். ஸ்டுடியோக்காரருக்குப் பார்க்க அழகாக இல்லை. ஒன்றே போதுமே, எதற்கு இரண்டு வயர் என்று கேட்டார்.

“ரெண்டு வாய்க்கு ஒரு கையால ஊட்டுனா கை ஓஞ்சிரும்ங்க,” என்றார்.

ஸ்டுடியோக்காரர் சிரித்துவிட்டார். அதன்பிறகு கடைக்குள் நுழையும்போதே, அந்தப் புள்ள இருக்கா என்று கேட்டுக்கொண்டுதான் வருவார். அவர் மட்டுமல்ல, லுணுகலையிலிருந்து வந்த ஆசிரியர், தபால் கந்தோர்க்காரர், எல்லோரும் அதையே கேட்டார்கள். கொழும்பில் படித்து வாங்கிய சான்றிதழைச் சட்டம்போட்டு எனக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்தோம். அதற்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, இதோ கூப்பிடுகிறேன் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

அவருக்கு இந்தப் பழக்கம் கணினியோடு நிற்கவில்லை. மேசைக்கடியில் தேநீர்க் கேத்தலும் ஈயப்பற்று வைக்கும் கோலும் ஒரே பிளக்கில் இருந்தால் எழுந்துபோய் ஒன்றைக் கழற்றுவார். என் சித்தி மகளின் கலியாணத்துக்கு அவரையும் அழைத்திருந்தோம். நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். முகூர்த்தத்துக்குச் சற்று முன்பு மேடை விளக்கெல்லாம் அணைந்துவிட்டது. மேடைக்குப் பின்னால் ஓடிப்போய்ப் பார்த்தால் இவர் தரையில் மண்டிபோட்டிருக்கிறார். அலங்கார விளக்கு, மின்விசிறி, பாட்டுப் பெட்டி எல்லாவற்றையும் யாரோ ஒரே நீட்டுப் பலகையில் மாட்டியிருக்கிறார்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சுவரில் வேறு வேறு இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். சித்தி சத்தம்போட்டார். பிளக் சுடுகிறது, தொட்டுப் பாருங்கள் என்று இவர் என்னிடம் நீட்டினார். நான் தொடவில்லை. அரை நிமிடத்தில் விளக்கு வந்துவிட்டது. ஆனால் சொந்தக்காரர்கள் எல்லோரும் இது யார் என்று கேட்டபோது, கடையில் வேலை செய்கிற ஆள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அன்று எனக்கு அவரால் வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை நினைத்துத்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஏன் இப்படி என்று அவராகச் சொன்னது ஒரே ஒருமுறை. மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது அவர்கள் இருந்த லயம் எரிந்திருக்கிறது. ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு காம்பிரா, ஒவ்வொரு அறையும் ஒரு வீடு. சில வீட்டுக்கு மட்டும் கரண்ட் வந்திருந்தது. மற்றவர்கள் அந்த வீடுகளிலிருந்து வயர் இழுத்து பல்ப் போட்டார்கள், பிறகு ரேடியோ வைத்தார்கள், பிறகு டிவி வைத்தார்கள். எல்லோரும் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நேரத்தில் கூரைக்குள்ளே பிடித்துக்கொண்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பன்னிரண்டு காம்பிராவிலும் உடுத்தியிருந்த துணியைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. ஆறு மாதம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கினார்களாம். கதையைச் சொல்லி முடித்துவிட்டு, என் பாத்திரத்தைப் பார்த்து, மிஸ் கறி போட்டுக்கிறீங்களா என்று கேட்டார்.

அவருடைய தோட்டத்தில் கோவிலையொட்டி ஒரு மண்டபம் உண்டு. அங்கே சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கும். பாடங்களைத் திரையில் போட்டுக் காட்ட ஒரு நல்ல கணினி வேண்டும் என்று தோட்டத்து ஆட்கள் சேர்ந்து எங்களிடம் கேட்டார்கள். அவர்தான் அவர்களை அழைத்து வந்தவர். அந்த மெஷினை அவர் பூட்டிய விதத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பாட வீடியோக்கள் நிறைய இருந்ததால் இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு டிவிடி டிரைவ். பிற்பாடு இன்னும் சேர்த்தாலும் தாங்க வேண்டும் என்று வயர்கள் அதிகமுள்ள பெரிய பவர் சப்ளையாகத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொன்றுக்கும் தனி வயர். அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, தகட்டை மூடி, மேலே ஒரு துணியையும் போர்த்தி மேசைக்கடியில் வைத்தார். அடுத்த இரண்டு நாள் லீவு. அவருடைய அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்.

அவர் லீவில் போன முதல் நாள் ஸ்டுடியோக்காரர் ஓடிவந்தார். அவருடைய மெஷினின் பவர் சப்ளை செத்துவிட்டது, கலியாண வீடியோ ஒன்றை அவசரமாகக் கொடுக்க வேண்டும். அதே பெரிய பவர் சப்ளை எங்களிடம் கையிருப்பில் இல்லை. கொழும்பிலிருந்து சாமான் வர நான்கு நாள் ஆகும். அந்தப் புள்ள இருந்தா ஏதாவது வழி பண்ணும் என்றார் அவர். அந்தப் பேச்சுத்தான் என்னைக் கிளப்பியது. நானே செய்து தருகிறேன் என்றேன்.

மேசைக்கடியிலிருந்த தோட்டத்து மெஷினைத் திறந்து, அதிலிருந்த பவர் சப்ளையைக் கழற்றி ஸ்டுடியோக்காரருக்குப் பூட்டினேன். தோட்டத்து மெஷினுக்குச் சின்னது ஒன்றைப் போட்டேன். அதில் டிஸ்க்குகளுக்கான தலைகள் போதவில்லை. இழுப்பறையில் ஒரு பை நிறைய ஸ்பிளிட்டர் கிடந்தது. பழைய நாலு ஊசிப் பிளக் ஒன்றில் மாட்டி அதை மூன்றாகப் பிரிக்கிற மலிவான வயர்கள் அவை. பிளாஸ்டிக்கைக் காய்ச்சி ஊற்றிய தலைக்குள்ளே வயர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தாலும் வெளியிலிருந்து தெரியாது. அவர் அந்தப் பையின்மேல் ‘வேண்டாம்’ என்று எழுதி வைத்திருந்தார். நான் அதைப் பிரித்து ஒன்றை எடுத்தேன். இரண்டு டிஸ்க்கையும் டிவிடி டிரைவையும் அதில் மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன். ஓடியது. நீங்கள் சொல்வதெல்லாம் வீண் பயம் என்று, அங்கே இல்லாத அவரிடம் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவருடைய கையெழுத்துப் போட்ட அட்டை உள்ளே அப்படியே இருந்தது. தகட்டை மூடினேன்.

மறுநாள் காலை தோட்டத்து ஆட்கள் வேனில் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் வேலைக்குத் திரும்பியதும் சொல்லலாம் என்றிருந்தேன். வந்தார். மெஷின் மண்டபத்தில் நன்றாக ஓடுகிறது, பிள்ளைகளுக்கு எப்படி அணைப்பது, எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுத்தேன் என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார். தான் மூடிய பெட்டி என்று நம்பி அவர் அதைத் திறந்து பார்க்கவில்லை. சொன்னால் அன்றே போய் மாற்றியிருப்பார். ஆனால் நான் செய்ததைப் பார்த்திருப்பார், ஒரு வார்த்தையும் சொல்லாமல் கழற்றியிருப்பார். அதை என்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன். நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

ஏழெட்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை பின்னேரம் வகுப்பு நடக்கும்போது அந்த மெஷின் எரிந்தது. முன்பக்கத்திலிருந்து புகை வந்து, பிறகு தீ வந்து, பக்கத்துத் திரைச்சீலையில் பிடித்திருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெஷினைத் திரைச்சீலையைவிட்டு இழுக்கப் பார்த்திருக்கிறாள். வலது கையில் மூன்று விரல் வெந்துவிட்டது. பாயும் ஒரு அலுமாரிப் புத்தகங்களும் போயின. தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளையால் பல வாரம் பேனா பிடிக்க முடியவில்லை.

செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு, “நாளைக்கு அவங்க வருவாங்க. நீ வாயத் தொறக்காத, நான் பாத்துக்கிறேன்,” என்றார். அழுதுகொண்டிருந்த எனக்கு அதைக் கேட்டதும் ஆறுதலாக இருந்தது. இதை எழுதாமல் விட்டுவிட்டால் இந்தக் கதையைச் சொல்லவே வேண்டியதில்லை. ஆறுதலாக இருந்தது.

திங்கட்கிழமை நான்கு பேர் வந்தார்கள். கருகிய மெஷினை உரப் பையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முன்னால் வந்தவர் கோவில் தலைவர். கடைசியில், கையில் குடையோடு, அந்தப் பெண்ணின் அப்பா. மகள் வழக்கமான பஸ்ஸில் முன்னதாகவே வந்து தன் மேசையருகே நின்றிருந்தார். சனிக்கிழமையே அதைத் திறந்து பார்க்கிறேன் என்று கேட்டாராம், தொட விடவில்லையாம்.

என் அப்பா தகட்டைக் கழற்றினார். கருகிய நாற்றம் கடை முழுக்கப் பரவியது. அட்டை ஓரத்தில் பழுப்பேறியிருந்தது, ஆனால் கையெழுத்து நன்றாகத் தெரிந்தது. தலைவர் அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்தார். அதற்குள் அந்தப் பெண் ஒரே பார்வையில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்.

“இது நான் போட்ட பவர் சப்ளை இல்ல மொதலாளி. இந்த ஸ்பிளிட்டரும் நான் போட்டதில்ல. அட்டையப் பாருங்க, மூணு வயர்னு எழுதியிருக்கேன். இதுல ஒண்ணுதான் இருக்கு.”

அட்டையில் எழுதியிருந்தது அங்கே இரண்டு பேருக்குத்தான் விளங்கும். அவருக்கும் எனக்கும். தலைவர் என் பக்கம் திரும்பினார். “மிஸ், நீங்க படிச்சவங்க. நீங்க சொல்லுங்க,” என்றார்.

“அவங்கதான் எல்லாத்தையும் பூட்டுறது,” என்றேன்.

அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவர் என்னைப் பார்த்தார். அதுவரை அவருக்குப் புரியாமல் இருந்தது அப்போது புரிந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் அவர் அதைச் சொல்லவில்லை. சொன்னாலும் யார் நம்புவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. என் அப்பா அவரை வெளியே போய் நிற்கச் சொன்னார். மாடிப்படியில் போய் நின்றார். உள்ளே அப்பா, வேலைக்காரப் பிள்ளையின் கவனக்குறைவு, இனி அவளுக்கு இங்கே வேலை இல்லை, நாளைக்கே புது மெஷின் ஒன்று அனுப்புகிறேன், விரல் வெந்த பிள்ளையின் மருந்துச் செலவும் என்னுடையது என்றார். தலைவர் எழுந்து கைகூப்பினார். முதலாளி பெரிய மனசுக்காரர் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவருடைய அப்பா படியிறங்கும்போது மகளைத் தாண்டித்தான் போனார். நின்று பேசவில்லை.

பிறகு அவர் உள்ளே வந்து தன்னுடைய ஸ்குரூ டிரைவரையும் சாப்பாட்டுப் பெட்டியையும் எடுத்துப் பையில் வைத்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். மேசையில் பாதி பூட்டிய மெஷின் ஒன்று கிடந்தது. அதன்முன் உட்கார்ந்தார். மிச்சமிருந்த இரண்டு வயரையும் அவற்றுக்குரிய இடத்தில் மாட்டி, ஒழுங்காக வளைத்துக் கட்டினார். அட்டையை எடுத்து எது எதற்கு என்று எழுதினார். கையெழுத்துப் போடவில்லை. நான் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்க்காமலே எழுந்து போனார்.

தோட்டத்தில் என்ன பேசினார்கள் என்பது கொஞ்சம் கொஞ்சமாக என் காதுக்கு வந்தது. தீயில் வீட்டைப் பறிகொடுத்த குடும்பத்துப் பிள்ளையே தீ வைத்துவிட்டது என்றார்களாம். சில மாதத்தில் அவர் மொனராகலைப் பக்கம் கலியாணமாகிப் போனார் என்று கேள்விப்பட்டேன். அவர் போன பிறகு கணினிகளை நான்தான் பூட்டினேன். ஒவ்வொன்றுக்கும் தனி வயர் கொடுத்தேன். சுத்தமா இருக்கு மிஸ், அந்தப் புள்ள பூட்டுன மாதிரியே இருக்கு என்று ஸ்டுடியோக்காரர் ஒருமுறை பாராட்டினார்.

அப்பா உயிரோடு இருக்கும்வரை உண்மையைச் சொல்ல முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருடங்களைக் கடத்தினேன். போன வருடம் அப்பா காலமானார். அதன்பிறகும் ஐந்து மாதம் ஒன்றும் செய்யாமல்தான் இருந்தேன். அப்புறம் ஒருநாள் கொழும்பிலிருந்து சாமான் கொண்டுவரும் விற்பனையாளர் பேச்சுவாக்கில், மொனராகலையில் ஒரு அக்கா இருக்கிறார், எதை வேண்டுமானாலும் வாங்குவார், இந்த ஸ்பிளிட்டரை மட்டும் வாங்கவே மாட்டார் என்று சொல்லிச் சிரித்தார். கடை எங்கே என்று கேட்டேன்.

கணவருடைய மின்சாதனக் கடையின் ஒரு பக்கத்தில் அவருக்கு ஒரு மேசை. என்னைப் பார்த்ததும் எழுந்தார். மிஸ் வாங்க என்றார். நாற்காலி போட்டு, பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தார். தலையில் இரண்டொரு நரை. உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. மேசையில் திறந்து கிடந்த மெஷினுக்குள் வயர்கள் தனித்தனியாக இறங்கியிருந்தன. வழியெல்லாம் பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது ஒன்றும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. பவர் சப்ளையை மாற்றியது நான், ஸ்பிளிட்டரைப் போட்டது நான், தெரிந்துகொண்டே அன்று அப்படிச் சொன்னேன், மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா என்றேன். அக்கா என்று அழைத்தது அதுதான் முதல்முறை. காலம் கடந்த அழைப்பு என்பது இருவருக்குமே தெரிந்தது.

அவர் கோப்பையைச் சற்று நகர்த்தி வைத்தார்.

“இத என்கிட்ட எதுக்கு மிஸ் சொல்றீங்க? எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே,” என்றார். “தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. யாரோ ஒரு வாடிக்கையாளர் வந்தார். அவர் எழுந்து அவரைக் கவனிக்கப் போனார். நான் தேநீரைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

தோட்டத்துக்குப் போக எனக்கு இன்னும் ஒரு மாதம் பிடித்தது. தெமோதரையில் இறங்கி, அங்கிருந்து முச்சக்கர வண்டியில் மேலே போனேன். கோவில் தலைவர் தளர்ந்துபோயிருந்தார். மண்டபத்தில் நான்கைந்து பேரைக் கூட்டிவைத்துக் கேட்டார். நின்றபடியே சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு பெண் மட்டும் எழுந்து வெளியே போய்விட்டார். விரல் வெந்த அந்தப் பிள்ளை கலியாணமாகி லுணுகலைப் பக்கம் போய்விட்டாளாம். அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

அக்காவின் அப்பா மண்டபத்துக்கு வரவில்லை. கால் வலி என்றார்கள். லயத்தில் அவருடைய காம்பிராவுக்கு என்னை ஒருவர் கூட்டிப்போய் விட்டுவிட்டுப் போனார். மனைவி இறந்த பிறகு தனியாகத்தான் இருக்கிறார். கட்டிலில் உட்கார்ந்து காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் எழுந்திருக்கப் பார்த்தார். வேண்டாம் ஐயா என்று சொல்லிவிட்டு, வாசற்படிக்கு உள்ளே தரையில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். வயர், பவர் சப்ளை என்றெல்லாம் சொன்னது அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. தைலக் கையைக் காலிலேயே வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப, அவ பண்ணலயா?”

“இல்லைங்க ஐயா. நான்தான்.”

பக்கத்துக் காம்பிராவில் யாரோ பாத்திரம் கழுவினார்கள்.

“அன்னைக்கு வீட்டுக்கு வந்து சொன்னாம்மா. நான் பண்ணலப்பா, நான் பண்ணலப்பான்னு சொன்னா,” என்றார். “படிச்ச புள்ள பொய் சொல்லுமான்னு நான்தான் கேட்டேன். அதுக்கப்புறம் அவ அதப் பத்திப் பேசவே இல்ல.”

படித்த பிள்ளை என்று அவர் சொன்னது என்னை. மகள் வருடத்தில் ஒருமுறை, தீபாவளிக்கு வருகிறாள், அன்றைக்கே திரும்பிப் போய்விடுகிறாள் என்றார். யாரையும் குறை சொல்கிற மாதிரி இல்லை. தனக்குத்தானே கணக்குப் பார்த்துக்கொள்கிற மாதிரி இருந்தது.

தலையணைக்கு அடியில் கைவிட்டு ஒரு சின்ன போனை எடுத்தார். எழுத்தெல்லாம் தேய்ந்த பொத்தான்கள். கண்ணுக்குக் கிட்டே வைத்து, நீண்ட நேரம் எடுத்து, தானே அழுத்தினார். நான் அழுத்தித் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். மணி அடிப்பது எனக்கும் கேட்டது. பிறகு அந்தப் பக்கம் அப்பா என்ற குரல் கேட்டது.

அவர் வாயைத் திறந்தார். அப்பா, அப்பா என்று அந்தக் குரல் இரண்டு மூன்று முறை கூப்பிட்டது.

“சாப்பிட்டியா?” என்று கேட்டார்.

அங்கிருந்து என்ன பதில் வந்தது என்று தெரியாது. போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார். பிறகு மறுபடியும், “சாப்பிட்டியாம்மா?” என்றார்.

நான் எழுந்து, சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.